பள்ளி விதியால் பிள்ளைகள் ‘மாறிவிடுவார்களா’? சுற்றும் தகவல் தவறு

“பால்புதுமை மாணவர்களுக்குப் பாதுகாப்பு விதி வந்தால் மற்ற பிள்ளைகளும் அப்படி மாறிவிடுவார்கள், எல்லோர் மனநலமும் கெடும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது உண்மையல்ல.

பால்புதுமை, அதாவது தன் பாலினத்தவர் மீது ஈர்ப்பு கொள்வது, திருநராக இருப்பது போன்றவை, ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல, நோயே அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

சரி, அந்த விதிகள் என்னதான் சொல்கின்றன? பெரும்பாலும் எளிய விஷயம்தான்: பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ வைத்து யாரையும் கேலி செய்யக் கூடாது, அடிக்கக் கூடாது, புகார் வந்தால் ஆசிரியர் கண்டும் காணாமல் இருக்கக் கூடாது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. கேலிக்கு எதிரான விதியில் பாலீர்ப்பையும் வெளிப்படையாகச் சேர்த்த பள்ளிகள் அதிகமுள்ள வட்டாரங்களில், தன்பாலீர்ப்புள்ள மாணவர்களின் தற்கொலை முயற்சிகள் குறைவாக இருந்தன. பொத்தாம்பொதுவான விதிகளோடு இந்தக் குறைவுக்குத் தொடர்பு தெரியவில்லை. பெயர் சொல்லிப் பாதுகாப்பது அவ்வளவு முக்கியம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்த ஆய்விலோ, இத்தகைய விதிகள் சில ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த பள்ளிகளில் எதிர்பாலீர்ப்புள்ள ஆண் மாணவர்களிடமும் தற்கொலை எண்ணம் குறைவாக இருந்தது. செய்தி சொல்வதற்கு நேர்மாறு!

உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்திலும், பள்ளி வன்முறை பற்றிய யுனெஸ்கோவின் 2016 அறிக்கையிலும் நீங்களே பார்க்கலாம். அந்தச் செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால் தயவுசெய்து பகிர வேண்டாம். அதே குழுவில் இருக்கும் ஒரு பிள்ளை அதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.