அப்புறம் படிக்க

லேப்டாப்பைத் திறந்தால் குரோமில் மேலே வரிசையாக டேப், தீபாவளி நேரத்து வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு மாதிரி ஒன்றை ஒன்று நசுக்கிக்கொண்டு நிற்கிறது. பெயரே தெரியவில்லை, குட்டி ஐகான்தான் தெரிகிறது, அதிலும் 9 டேபுக்கு ஒரே ஐகான். கரண்ட் பில் கட்டத் திறந்தது எது என்று ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனால் போன மாதம் பார்த்த மிக்ஸி விலை, பாதி படித்த கட்டுரை, நடுவில் எங்கேயோ ஒன்று பாட்டு வேறு பாடுகிறது.

குரூப் போட்டும் பார்த்தேன். ஆபீஸ், வீடு, அப்புறம் படிக்க என்று கலர் கலராக. இரண்டே நாளில் எல்லாம் மூன்றாவதில் போய் விழுந்தது. அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. கண்ட்ரோல், ஷிப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டேபைத் தேடலாம், சரி, என்னவென்று தேடுவது?

போனில் இதைவிட மோசம். 99 டேபைத் தாண்டினால் எண்ணிக்கைக்குப் பதில் பல்லைக் காட்டிச் சிரிக்கிற முகம் ஒன்று வருகிறது. நக்கல்தானே இது?

"பழைய பேப்பரா இருந்தா எடைக்காவது போடலாம்டா" என்கிறார் அம்மா. நேற்று ராத்திரி கடுப்பில் மொத்தத்தையும் மூடினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மூடியதையெல்லாம் திரும்பத் திறக்கிற கண்ட்ரோல் ஷிப்ட் டி.