18.4 என்றால் 18.4 இல்லையாம்

நேற்று இரவு கிரிக்கெட் மேட்ச் முடிந்ததும், நம்ம டீம் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது என்று ரன் ரேட் கணக்குப் போட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் “உள்ளே போயாச்சு!” என்று போட்டது நான்தான். கூடவே மூன்று பட்டாசுப் படம் வேறு. அடுத்த நிமிடமே எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகனிடமிருந்து பதில்: “மாமா, 18.4ஐ அப்படியே கால்குலேட்டர்ல போட்டீங்களா? அது 18.67. நாம வெளியே.”

ஓவருக்கு ஆறு பந்து, எனக்கும் தெரியும்டா. 18 ஓவர் 4 பந்து, ஆறில் நாலு, சரி. அப்படியானால் நடுவில் எதற்குப் புள்ளி வைக்கிறீர்கள்? புள்ளி என்றால் தசமம் என்று காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்த உலகம், கிரிக்கெட்டுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறது. 150 ரன்னை 18.4 ஓவரில் எடுத்தால் ரேட், அதாவது ஓவருக்கு எத்தனை ரன் என்பது, 8.15 என்று குதித்தேன். 8.04தானாம். நாலு மேட்சுக்கும் இதே தப்பைச் செய்து கூட்டியிருக்கிறேன்.

இத்தனைக்கும் ஒரு மேட்ச் மழையில் போனது. நான்கு மணி நேரம் தார்ப்பாயைப் பார்த்ததற்குத் இரண்டு அணிக்கும் தலைக்கு ஒரு பாயிண்ட், எனக்குத் தலைவலி. அப்புறம் வந்தது நெட் ரன் ரேட், பாயிண்ட் சமமானால் யார் உள்ளே என்று சொல்கிற கணக்கு. அடித்த ரேட்டிலிருந்து கொடுத்த ரேட்டைக் கழிக்க வேண்டும். 12 ஓவரில் ஆல் அவுட் ஆனாலும் 20 ஓவரும் ஆடியதாகக் கணக்கு. மிச்ச எட்டு ஓவரை யார் ஆடினது, பேயா?

நான் மட்டுமா ஏமாந்தேன்? 2003 உலகக் கோப்பை, டர்பன். கொட்டப்போகும் மழை. இலங்கையின் முரளி பந்தில் தென்னாப்பிரிக்காவின் பவுச்சர் சிக்ஸர் அடித்துவிட்டு, மழையில் ஆட்டம் நின்றால் ஜெயிக்க 229 போதும் என்று அடுத்த பந்தைத் தட்டிவைத்தார். 229 என்பது டை, அதாவது இரண்டு அணியும் சமம். இன்னும் ஒரு ரன் எடுத்திருக்க வேண்டும். போட்டியை நடத்திய தென்னாப்பிரிக்கா முதல் சுற்றோடு காலி.

அதையாவது மன்னிக்கலாம். 2023 ஆசியக் கோப்பை, லாகூர். இலங்கை 291. நெட் ரன் ரேட் கணக்கில், ஆப்கானிஸ்தான் 37.1 ஓவருக்குள் 292 எடுத்தால் அடுத்த சுற்றான சூப்பர் ஃபோர். 37 ஓவர் முடிவில் 289. ஒரு பந்து, மூன்று ரன். முஜீப் தூக்கி அடித்தார், லாங் ஆனில் கேட்ச். போச்சு என்று தலையில் கைவைத்துவிட்டார்கள். ஆனால் போகவில்லை ஐயா! 37.4க்குள் 295 எடுத்தாலும் உள்ளேதான். ஒரே ஒரு சிக்ஸர், அதற்கு இன்னும் மூன்று பந்து. கடைசி ஆளாக ஃபரூக்கி வந்தார். முதல் பந்து, தடுத்தார். எதிர்முனையில் ரஷீத் கான் 16 பந்தில் 27 அடித்துவிட்டு மரம் மாதிரி நிற்கிறார். அடுத்த பந்து, அதையும் தடுத்தார். டெஸ்ட் மேட்சைக் காப்பாற்றுகிற மாதிரி தடுத்தார்! மூன்றாவது பந்தில் எல்பிடபிள்யூ, ஆல் அவுட். இரண்டு ரன்னில் தோல்வி. அந்தக் கணக்கை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்றார் பயிற்சியாளர் டிராட். பயிற்சியாளர், பகுப்பாய்வாளர், லேப்டாப், வாக்கி டாக்கி எல்லாம் வைத்திருக்கிற சர்வதேச அணிக்கே தெரியவில்லை. நான் லுங்கி கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிற ஆள்.

இதையெல்லாம் நீளமாக டைப் அடித்து, மருமகனுக்குப் பதில் என்று குழுவிலேயே போட்டேன். “ஆனா மாமா, அவங்க பட்டாசு போடலையே” என்கிறான்.

அதற்குப் பதினேழு பேர் சிரிப்புப் படம். போன மாதம் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு இதே குழுவில் போட்டோ போட்டேன், ஒரு ஜீவன் வாயைத் திறக்கவில்லை. டிராவுக்கும் டைக்கும் வித்தியாசம் தெரியாத சித்தப்பா இன்று விடிகாலையில் எழுந்து இன்னொரு தடவை சிரித்திருக்கிறார்.