கல்யாணப் பாய் ஆர்டர ஸ்பாம்ல தள்ளுததுக்கா ஒரு ஃபில்டர்?

பத்தமடை பாய்க் கடைக்கு வந்த ஆர்டர் மெயில் ஸ்பாம்ல கெடக்கு. யாருன்னே தெரியாதவன் "லோன் ரெடி"ன்னு அனுப்புனது இன்பாக்ஸ்ல மொத ஆளா நிக்கு. சவத்த, என்ன ஃபில்டர்வே இது?

வந்தது மணமக்கள் பேர் போட்டு நெய்யுத பட்டுப்பாய்க்கான ஆர்டர். கோரையக் கீறி, ஊறப்போட்டு, சாயம் ஏத்தி, பேரையும் சேத்து நெய்யணும். நாள் தள்ளிப்போனா முகூர்த்தம் காத்துக்கிட்டு இருக்குமா? இதுல பல மெயில்ல ஸ்பாமுக்குப் போனது 30 நாள்ல தானா வேற அழிஞ்சிரும்.

மெயில் வந்த வழியச் சொல்லுத ஹெட்டரப் பிரிச்சுப் பாத்தா வயிறு எரியுது. ஆர்டர் மெயில் நேரா வரல. கடையோட வெப்சைட் முகவரிக்கு வந்து, அங்கேருந்து கடக்கார அண்ணாச்சியோட சொந்த மெயிலுக்கு ஃபார்வர்டு ஆயிருக்கு. எந்தெந்த சர்வர் எங்க பேருல மெயில் அனுப்பலாம்னு டொமைன்காரங்க போட்டு வைக்குத பட்டியல்தான் எஸ்பிஎஃப் பதிவு. ஃபார்வர்டு பண்ணுத சர்வரோட ஐபி, ஆர்டர் போட்டவங்க பதிவுல எப்படிவே இருக்கும்? எஸ்பிஎஃப் ஃபெயில். சரி, அனுப்புத சர்வர் மெயில்ல போடுத டிகிம்ங்க டிஜிட்டல் கையெழுத்தாவது காப்பாத்தியிருக்கணும். உள்ள இருக்கத மாத்தாம அனுப்புனா எத்தன ஃபார்வர்டு தாண்டுனாலும் அது நிக்கும். ஆனா அந்த ஹோஸ்டிங்காரன் சர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் அடியில "வைரஸ் சோதிக்கப்பட்டது"ன்னு ஒரு வரிய ஒட்டி விட்டுருக்கு. யார் கேட்டா அந்த வரிய? உள்ள இருக்கத வச்சுக் கணக்குப் போட்ட பாடி ஹாஷ் மாறிட்டு, கையெழுத்து செல்லாமப் போயிட்டு. இந்த ரெண்டுல ஒண்ணாவது ஃப்ரம்ல இருக்க டொமைன் பேருல தேறுதான்னு பாக்குத சோதனதான் டிமார்க். ரெண்டும் போனா அதுவும் ஃபெயில். அனுப்புனவங்க டொமைன்ல டிமார்க் கொள்கை குவாரண்டைன், அதாவது தேறாதத ஒதுக்கி வைன்னு அர்த்தம். நேரா ஸ்பாம். அந்த ஒத்த வரி இல்லன்னா மெயில் ஒழுங்கா வந்து சேந்திருக்கும்!

மெயில் உறையில இருக்க அனுப்புநர் முகவரிய ஃபார்வர்டு பண்ணுதவன் டொமைனுக்கு மாத்துத எஸ்ஆர்எஸ் போட்டாச் சரியாயிரும்னு சொல்லுதவங்க கொஞ்சம் நில்லுங்க. அது போட்டா எஸ்பிஎஃப் தேறும். ஆனா தேறுதது ஃபார்வர்டு பண்ணுதவன் டொமைன்; ஃப்ரம்ல இருக்கது வேற டொமைன். டிமார்க்குக்கு ரெண்டும் ஒத்துப்போகணும். அதனால மொதல்ல அந்த வரியத் தூக்குங்க. கூடவே, ஃபார்வர்டுக்கு முன்னால சோதன முடிவு என்னன்னு குறிச்சு அனுப்புத ஏஆர்சி முத்திரையும் போடுங்க. இதெல்லாம் வேண்டாம்னா ஃபார்வர்டே பண்ணாம, ஆர்டர் முகவரிய, மெயில சர்வர்லயே வச்சுப் படிக்க விடுத ஐமேப்ல நேரா தொறந்து பாருங்க.

அந்த லோன்காரன்? நேத்து வாங்குன டொமைன். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணும் பாஸ். ஆதார் கார்டு வச்சிருக்கவன்லாம் யோக்கியனா? மெயில் எந்த டொமைன்லேருந்து வந்திச்சுங்கதத்தான் அந்த மூணும் சொல்லும். அனுப்புனவன் நல்லவனாங்கத சொல்லாது. பாஸ் ஆனதுக்குன்னு மார்க்க அள்ளிக் கொடுக்குத ஃபில்டர்ல இவன்தான் ஜெயிப்பான். புது டொமைனச் சந்தேகப்படணும், உள்ள இருக்க லிங்க் எங்க போவுதுன்னு பாக்கணும்.

தமிழ் மெயிலுக்கு நடக்குதது இன்னும் கொடும. ஸ்பாம்அசாசின்ங்க ஃபில்டர் மென்பொருள்ல, பழைய மெயிலப் பாத்துப் படிச்சுக்கிடுத பேய்ஸ் வேல செய்யணும்னா கொறஞ்சது 200 ஸ்பாமும் 200 நல்ல மெயிலும் படிச்சுக் கொடுக்கணும். எல்லாரும் ஸ்பாமத்தான் கொண்டு கொட்டுதாங்க, நல்ல தமிழ் மெயில ஒருத்தரும் கொடுக்கதில்ல. பொறவு அதுக்குத் தமிழ் எப்படித் தெரியும்? இதுல, எந்த மொழி மெயில் வரலாம்னு குறிக்குத ஓகே லாங்குவேஜஸ்ல இங்கிலீஷ மட்டும் போட்டு வச்சிருக்காங்க. தமிழ்ல எழுதுன பாவத்துக்கு ஒரு மெயிலுக்கு ஸ்கோர் ஏறலாமா? திருநெல்வேலிச் சீமையில கட நடத்துதவனுக்குத் தமிழ்லதானய்யா ஆர்டர் வரும்! தமிழுக்கான 'டிஏ'ங்கதையும் சேத்துப் போடுங்க. வாரத்துக்கு ஒரு தடவ ஸ்பாமத் தொறந்து, நல்லத "ஸ்பாம் இல்ல"ன்னு அமுக்குங்க.

இன்னொன்னு, இந்த அன்சப்ஸ்கிரைப். கொத்தா மெயில் அனுப்புத விளம்பரக்காரங்க ஒத்தக் கிளிக்ல விலக விடணும், ரெண்டு நாளுக்குள்ள நிறுத்தணும்னு ஜிமெயில் 2024லயே விதி போட்டாச்சு. இன்னும் ஒருத்தன் அந்த லிங்க அமுக்குனா "லாகின் பண்ணுங்க"ங்கான். கணக்கே தொடங்காதவன் எந்தப் பாஸ்வேர்டவே போடுவான்?