கப்பலில் கொழும்புக்கு வருகிறவர்கள் கண்டிக்குப் போக வேண்டாம்

நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை கொழும்புத் துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல்கள் வருகிற பருவம். லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கிற நம் உறவுகள் இப்போது இந்தக் கப்பல்களில் நிறையப் பேர் வருகிறார்கள். இந்தியாவிலிருந்து ஏறி வருகிற தமிழ்க் குடும்பங்களும் உண்டு. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஒரு பகல்தான் நிற்கும், எங்கே போகலாம்?" வாயிலில் நிற்கிற ஓட்டோக்காரர் முதல் சுற்றுலா விளம்பரங்கள் வரை எல்லோரும் சொல்லும் பதில் கண்டி, பின்னவல, காலி. நான் அழுத்திச் சொல்வேன்: துறைமுக வாயிலிலிருந்து மூன்று கிலோமீற்றருக்குள் நில்லுங்கள். மிஞ்சினால் வெள்ளவத்தை வரை போங்கள். அதற்கு அப்பால் வேண்டாம்.

முதலில் நேரக் கணக்கு. காலை 8 மணிக்குக் கட்டி மாலை 5 மணிக்குப் புறப்படும் கப்பல் என்றால் ஒன்பது மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். கப்பலைக் கட்டி, குடிவரவுச் சோதனை முடிந்து, ஆட்களை இறக்க விடுவதற்கே முக்கால் மணி, ஒரு மணி போய்விடும். துறைமுகத்துக்குள் நடந்து திரிய விடமாட்டார்கள். ஷட்டில் பஸ்ஸில்தான் வாயில் வரை வரவேண்டும், அதற்கும் வரிசை உண்டு. ஆக வெளியே கால் வைக்கும்போது 9.15, 9.30. கடைசியாக ஏறவேண்டிய நேரம் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி முன்னதாக இருக்கும். வாயிலில் அட்டை, பை சோதனை, திரும்பவும் ஷட்டில். 3 மணிக்கு வாயிலில் நின்றால்தான் நெஞ்சு படபடக்காமல் ஏறலாம். மீதி ஐந்தரை மணி நேரம். உங்கள் உண்மையான நாள் அவ்வளவுதான்.

இப்போது கண்டியை எடுங்கள். 115 கிலோமீற்றர், மலைப்பாதை, ஒரு வழிக்கு மூன்று மணி, கடுகண்ணாவையில் லொறிக்குப் பின்னால் மாட்டினால் மூன்றரை. போய்வரவே ஐந்தரை மணியும் முடிந்துவிட்டது. அடித்துப் பிடித்துப் போனாலும் புத்தரின் பல் வைத்திருக்கும் தலதா மாளிகையில் காலைப் பூசை 9.30க்கு, அடுத்தது மாலை 6.30க்கு. நீங்கள் போய்ச் சேரும் மதிய வேளையில் மேல்மாடியில் மூடிய கதவைத்தான் பார்ப்பீர்கள். பின்னவலவும் அப்படித்தான். ஏறக்குறைய 90 கிலோமீற்றர். யானைகளை ஆற்றுக்குக் கொண்டுபோவது காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும். 9.30க்கு வெளிக்கிட்டால் முதல் குளியல் முடிகிற நேரத்தில் போய்ச் சேருவீர்கள், இரண்டாவதற்கு நிற்க முடியாது. காலிக்கு அதிவேகப் பாதை இருக்கிறதே என்பார்கள். பாதையில் ஏறினால் ஒரு மணிதான், சரி. ஆனால் துறைமுகத்திலிருந்து நகரத்தைக் கடந்து கொட்டாவையில் பாதையைத் தொடுவதற்கே இன்னொரு மணி ஆகும். கப்பல் பத்து மணி நேரத்துக்கு மேல் நின்றால் மட்டும் காலியை யோசிக்கலாம், அதுவும் கப்பல்காரரே நடத்தும் சுற்றுலாவில். அவர்களுடைய பஸ் பிந்தினால் கப்பல் காத்திருக்கும். நீங்கள் தனியாகப் பிடித்த வேன் பிந்தினால் காத்திராது. கப்பல்காரரின் சுற்றுலா விலை கூடுதலாக இருப்பதில் இந்த உத்தரவாதத்தின் விலையும் இருக்கிறது. தூர இடத்துக்கு அது நியாயமான காசு, மூன்று கிலோமீற்றருக்குத் தேவையே இல்லை.

இடத்தைத் தீர்மானிக்கும் முன் கிழமையைப் பாருங்கள். ஞாயிறு என்றால் சந்தைத் தெருக்கள் நிறைந்த புறக்கோட்டையில் பெரும்பாலான கடைகள் பூட்டு, நடைபாதை வியாபாரம் மட்டும் இருக்கும். வெள்ளி என்றால் 12 மணியிலிருந்து ஒன்றரை வரை ஜும்ஆ. பள்ளிவாசலுக்குள் பார்வையாளர் போக முடியாது, முஸ்லிம் கடைகளும் மூடியிருக்கும். செவ்வாய் என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பக்தர் கூட்டம் நிரம்பி வழியும். பௌர்ணமியான போயா தினம் என்றால் மதுபானம் எங்கும் விற்கமாட்டார்கள், கங்காராமய விகாரைப் பக்கம் வெள்ளை உடுப்புக் கூட்டம், அரச நிறுவனங்கள் பூட்டு. கப்பல் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை நாட்காட்டியைப் பார்த்தால் பாதி ஏமாற்றம் தவிர்ந்துவிடும்.

சாதாரண வேலை நாளாக இருந்தால் நான் சொல்லும் வரிசை இது. வரிசைக்குக் காரணம் இருக்கிறது: கோயில் மதியத்தில் பூட்டும், வெயில் பதினொன்றுக்குப் பிறகு சுடும், புறக்கோட்டை பத்துக்குப் பிறகுதான் களைகட்டும்.

முதலில் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயில். வாயிலிலிருந்து ஓட்டோவில் பத்துப் பதினைந்து நிமிடம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக்கக் கருங்கல்லால் எழுப்பியது. உள்ளே போனதும் தூண்களை நிதானமாகப் பாருங்கள். வெளிச்சம் குறைவு, கண் பழக இரண்டு நிமிடம் ஆகும், அதற்குள் வெளியே வந்துவிடாதீர்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றவேண்டி வரும். படம் எடுக்கும் முன் கேளுங்கள். வெளி வீதிக் கல் வெயிலில் கொதிக்கும், வயதானவர்களுக்குக் காலுறை கொண்டுவாருங்கள். அங்கிருந்து கொஞ்ச நடையில் புனித அந்தோனியார் திருத்தலம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு பைகளைச் சோதித்துத்தான் விடுகிறார்கள், பெரிய பை வேண்டாம். சைவரும் முஸ்லிமும் பௌத்தரும் மெழுகுதிரி ஏற்றுகிற இடம் அது. நேரம் இருந்தால் மேட்டில் இருக்கும் வொல்வெண்டால் தேவாலயத்தையும் சேர்க்கலாம். ஒல்லாந்தர் 1757இல் திறந்தது, தரை முழுக்கப் பழைய கல்லறைக் கற்கள். வரலாற்றில் ஆர்வமில்லாதவர்களை அங்கே இழுத்துப் போக வேண்டாம்.

அடுத்தது செட்டியார் தெரு. பழைய கதிரேசன், புதிய கதிரேசன் இரண்டும் இங்கேதான், ஆடிவேல் இரதம் வெளிக்கிடுகிற தெரு. இருபக்கமும் நகைக்கடை. பார்த்துக்கொண்டு நடங்கள், ஆனால் இருபது நிமிடத்தில் நகை வாங்காதீர்கள். தரம் கேட்டு, நிறுத்து, கூலி பேசி, ரசீது எழுதுவதற்கே ஒரு மணி வேண்டும். அங்கிருந்து புறக்கோட்டைக்குள் இறங்கினால் தெருவுக்கு ஒரு சரக்கு. முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனமும் கைப்பேசியும். கெய்சர் வீதியில் துணி. நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயம், பருப்பு, சீனி மொத்த வியாபாரம். கபோஸ் ஒழுங்கையில் சுக்கு, திப்பிலி, வசம்பு எனச் சாக்கு சாக்காய் மருந்துச் சரக்கு. அந்த ஒழுங்கையின் வாசனை ஐம்பது அடிக்கு முன்பே வந்துவிடும். என்னைக் கேட்டால் கொழும்பின் உயிர் இருப்பது இங்கேதான். தாமரைக் கோபுரத்தின் உச்சியில் அது கிடைக்காது.

நடக்கும் முறை ஒன்று இருக்கிறது. சுமை தூக்கும் நாட்டாமிமார் முந்நூறு கிலோ ஏற்றிய தள்ளுவண்டியைத் திடீரென்று நிறுத்த முடியாது, குரல் கேட்டால் நீங்கள்தான் ஒதுங்கவேண்டும். படம் எடுக்க நடுத்தெருவில் நிற்க வேண்டாம். பணப்பை முன்பக்கம். சொன்ன விலையில் பேரம் பேசலாம், நிலையான விலை ஒட்டிய கடைகளில் பேச வேண்டாம். புறக்கோட்டையில் சொல்லிக்கொள்ளும்படியான கழிப்பறை கிடையாது. முன்னதாகவே போய்விட்டு வருவது நல்லது, அல்லது கோட்டைப் பக்கம் திரும்பிய பிறகு ஹோட்டலில். வயதானவர்களோடு என்றால் ஒன்றரை மணிக்கு மேல் இந்தத் தெருக்களில் நிறுத்தாதீர்கள்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், சிவப்புப் பள்ளி என்றால் யாரும் காட்டுவார்கள். 1908இல் தொடங்கி 1909இல் முடித்தது, தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களின் காசு. எதிர்த் திண்ணையில் நின்று சிவப்பு வெள்ளைக் கோடுகளைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தொழுகை நேரம் அல்லாதபோது உள்ளேயும் விடுவார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும், பெண்கள் தலைக்கு ஒரு சால்வை. அந்த ஒரு பருத்திச் சால்வை கோயில், விகாரை, வெயில் எல்லாவற்றுக்கும் உதவும்.

இங்கிருந்து கோட்டை நடைதூரம். கடிகாரக் கோபுரமாக இருக்கும் பழைய வெளிச்சவீடு 1857இல் கட்டியது. ஒல்லாந்தர் மருத்துவமனைக் கட்டடம் இப்போது உணவகங்களும் கடைகளுமாக இருக்கிறது. உறவினரைச் சந்திப்பதென்றால் இந்த இடத்தைச் சொல்லுங்கள். துறைமுக வாயிலில் சந்திப்போம் என்று சொல்லவே சொல்லாதீர்கள்: வாகனம் நிறுத்த விடமாட்டார்கள், வாயில்கள் ஒன்றுக்கு மேல், ஒருவரையொருவர் தேடியே முக்கால் மணி போய்விடும். ஊர் ஆட்களைக் கப்பலுக்குள்ளும் விடமாட்டார்கள்.

வெள்ளவத்தையில் உறவு இருக்கிறதென்றால் கோட்டை நிலையத்தில் கரையோர ரயிலைப் பிடியுங்கள். இருபது நிமிடம் சொச்சம்தான், வலப்பக்கம் உட்கார்ந்தால் கொள்ளுப்பிட்டியிலிருந்து கடல் கூடவே வரும். காலையும் மாலையும் அலுவலக ரயில்கள் நெருக்கமாக ஓடும், நடுப்பகலில் இடைவெளி நீளும். ஆகவே இறங்கியதும் திரும்பும் ரயில் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, உங்களுக்குச் சரியாக வரும் ரயிலுக்கு முந்தியதில் திரும்புங்கள். இடியப்பமும் சொதியும் சம்பலும் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கதைத்துவிட்டு வரலாம். ஐந்து வருடம் காணாத அக்காவை விட்டுவிட்டு யானை பார்க்கப் போவதை என்னால் ஏற்கவே முடியாது.

புறக்கோட்டை பூட்டியிருக்கும் ஞாயிறன்றும், மழை நாளிலும், நடக்க முடியாதவர்களுக்கும் கறுவாத்தோட்டத்தில் இருக்கும் தேசிய நூதனசாலை. 1877இல் திறந்தது. காலை 9 மணி முதல் 5 மணி வரை. கண்டி மன்னரின் சிம்மாசனத்தைப் பார்க்க எல்லோரும் முண்டியடிப்பார்கள். தமிழர் தேடிப் போகவேண்டியது காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுக் கொண்டுவந்த கல். சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு, தமிழில் திருமாலின் வடிவமான தென்னாவர நாயனாருக்கு, மூவருக்கும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல். இந்தக் கரையில் வியாபாரம் பேச அறுநூறு வருடத்துக்கு முன்பே தமிழ் வேண்டியிருந்தது என்பதற்குக் கல்லிலேயே சாட்சி. எழுத்து தேய்ந்திருக்கிறது, பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் வரிகள் தெரியும்.

கொழும்பின் கடலோரத்துக் காலிமுகத்திடலைப் பற்றியும் சொல்லவேண்டும். இறால் வடையும் பட்டமும் காற்றும் மாலை நாலரைக்குப் பிறகு. பகல் இரண்டு மணிக்குப் போனால் நிழலே இல்லாத வெட்டவெளி. இரவு புறப்படும் கப்பல் என்றால் மட்டும் போங்கள், கண் முன்னால் பொரித்துத் தருவதை மட்டும் வாங்குங்கள். அங்கேதான் "இன்றைக்கு மட்டும் விகாரையில் யானை விழா" என்று ஒருவர் அன்பாகப் பேச்சுக் கொடுப்பார். அது மாணிக்கக்கல் கடையில் போய் முடியும். கங்காராமய நவம் பெரஹரா பெப்ரவரிப் பௌர்ணமியை ஒட்டி மட்டும்தான்.

ஓட்டோவுக்கு பிக்மீ அல்லது ஊபர் செயலியைக் கப்பலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இ-சிம்மும் போட்டு வாருங்கள். செயலி வண்டி துறைமுகத்துக்குள் வராது, வாயிலைத் தாண்டிக் கொஞ்சம் நடந்து அழையுங்கள். நாள் முழுக்க ஒருவரை அமர்த்தினால் இடங்கள், திரும்பும் நேரம், மொத்தத் தொகை, அது ரூபாவா டொலரா, நாலையும் ஏறுமுன் பேசுங்கள். கடைக்குக் கூட்டிப் போகக்கூடாது என்பதையும் சேர்த்து. கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சாரதிகளில் தமிழ் பேசுபவர் நிறைய. தமிழிலேயே பேசுங்கள்.

கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வையுங்கள். கைப்பேசி கரையில் இலங்கை நேரத்துக்குத் தானாக மாறிவிடும். மாலைதீவிலிருந்தோ பினாங்கிலிருந்தோ வரும் கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமலே இருக்கலாம். துறைமுக முகவரின் தொலைபேசி எண் கப்பலில் தரும் தினசரித் தாளில் இருக்கும், அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

தேயிலை வாங்குவதைக் கடைசி அரை மணிக்கு, கோட்டையில் வைத்துக்கொள்ளலாம். பொதியில் வாளேந்திய சிங்க முத்திரை இருக்கவேண்டும்; முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது என்பதற்கான தேயிலைச் சபையின் அடையாளம் அது. பாலூற்றிக் குடிப்பவர்கள் பிஓபிஎஃப் என்ற சிறுதூளை எடுங்கள், வெறுந்தேநீர்க்காரர் நுவரெலியாவின் நீண்ட இலையை எடுங்கள். அரைக் கிலோ பொதியாக வாங்காமல் நூறு கிராமாகப் பிரித்து வாங்கினால் ஊர் போய்க் கொடுக்கவும் வசதி, ஒன்று திறந்தாலும் மற்றது மணம் போகாது.