ரமோண்டாவுக்காக ஒரு பதிவு

போன ஞாயிற்றுக்கிழமை மும்பை செம்பூர் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து 'பிளாக் பேந்தர்: வகாண்டா ஃபாரெவர்' படத்தைத் தமிழில் மறுபடி பார்த்தேன். 2022 நவம்பரில் தியேட்டரில் பார்த்தபோது பிடித்ததா இல்லையா என்றே சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. படமாக இது முதல் பாகத்துக்குக் கீழேதான். நடிப்பில் மேலே. இரண்டையும் போட்டுக் குழப்பி "சுமார்" என்று ஒதுக்கியவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

முதல் பாகத்தில் வகாண்டா நாட்டு அரசன் டி'சாலாவாக நடித்த சாட்விக் போஸ்மன் 2020 ஆகஸ்டில் குடல் புற்றுநோயில் இறந்தார். வயது 43. அவர் இடத்துக்கு வேறு ஆளைக் கொண்டுவராமல், டி'சாலா இறந்துவிட்டான் என்றே கதையை ஆரம்பித்தார் இயக்குநர் ரயன் கூக்ளர். திரையில் அழுகிறவர்கள் நிஜமாகவே கூட நடித்தவரை இழந்தவர்கள். ஆனால் அந்த அனுதாபத்துக்காக மட்டும் நடிப்பைப் பாராட்ட முடியாது. துக்கம் எல்லாருக்கும்தான் வரும், அதைக் கதாபாத்திரத்தின் துக்கமாக மாற்றத் தெரிய வேண்டும்.

டி'சாலாவின் அம்மா, அரசி ரமோண்டாவாக வரும் ஏஞ்சலா பாசெட்டுக்குத் தெரிந்திருக்கிறது. மகள் ஷூரியைக் காப்பாற்ற முடியாமல் திரும்பி வந்த படைத்தலைவி ஓக்கோயேவை ரமோண்டா பதவி நீக்கும் காட்சியைப் பாருங்கள். கணவன் போய்விட்டான், மகனும் போய்விட்டான், மகள் என்ன ஆனாளோ தெரியாது. குரல் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் அரசி காணாமல் போய் பெற்றவள் மட்டும் பேசுகிறாள். எதிரே ஓக்கோயேவாக டனாய் குரீரா, அத்தனையையும் வாங்கிக்கொண்டு நிற்கிறார். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் காட்சி முடியும்வரை எடுக்கவில்லை.

மார்வெல் ஸ்டுடியோஸ் படத்தில் நடித்ததற்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் ஆள் பாசெட்தான். விருது கிடைக்கவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

ஷூரியாக நடித்த லெட்டீஷியா ரைட்டுக்கு வருகிறேன். படத்தைத் தூக்கிச் சுமக்கிற மிடுக்கு அவரிடம் இல்லை என்று நிறையப் பேர் சொன்னார்கள். எப்படி இருக்கும்? அண்ணன் சாகும்போது பக்கத்தில் இல்லாத தங்கை அவள். லேபில் அவனுக்கு மருந்து உருவாக்கத் தவித்துக்கொண்டிருக்கிறாள், அம்மா வந்து நிற்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு வருஷம் கழித்து ஆற்றங்கரையில், துக்கத்துக்கு உடுத்திய துணியை எரித்துவிடலாம் என்கிறாள் ரமோண்டா. ஷூரி மாட்டேன் என்கிறாள். அங்கே ரைட்டிடம் இருப்பது வீம்பு.

எங்கள் அண்ணன் 2021-இல் போனான். அவனுடைய தலைத்திவசத்தன்று பாண்கங்கா குளத்தில் அப்பா எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தபோது, நான் படிக்கட்டில் உட்கார்ந்து ஆபீஸ் மெயிலுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். ஷூரியின் வீம்பு எனக்குத் தெரியும். ரைட் அதைக் கொஞ்சமும் மிகையில்லாமல் செய்திருக்கிறார்.

வகாண்டாவை எதிர்க்கும் கடலடி அரசன் நமோராக வரும் டெனோச் ஹுவெர்டா அமைதியாகப் பேசியே பயமுறுத்துகிறார். தன் மக்களின் பழைய கதையைச் சொல்லும்போது அவன் பக்கமும் நியாயம் இருக்கிறதே என்று தோன்றிவிடுகிறது. முதல் பாகத்து வில்லன் மைக்கேல் பி. ஜோர்டானுக்குப் பக்கத்தில் வைக்கலாம், ஆனால் ஒரு படி கீழே.

சரி, படம் எங்கே சறுக்குகிறது? 161 நிமிஷம். அமெரிக்க உளவுத்துறை வரும் கிளைக்கதையை அப்படியே வெட்டியிருக்கலாம். ரிரி வில்லியம்ஸ் என்ற பெண் அடுத்த தொடருக்கு முன்னோட்டமாகவே வந்து போகிறாள். கடலடிக் காட்சிகள் வீட்டு டிவியில் ஒரே இருட்டு. கடைசிக் கப்பல் சண்டை நீண்டுகொண்டே போகிறது, அதில் யாருடைய முகத்தையும் சரியாகப் பார்க்க முடியவில்லை. முகங்களை நம்பி எடுத்த படத்தில் இது பெரிய குறை.

ரூத் கார்ட்டரின் உடைகள் ஆஸ்கர் வாங்கியவை, அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. சாவு ஊர்வலத்தில் எல்லாரும் வெள்ளையில் வந்ததும் அம்மா, "நம்ம பக்கம் மாதிரியே இருக்கே" என்றார், அவ்வளவுதான்.

அப்புறம் ஹைட்டி கடற்கரை. ஷூரி கடைசியில் அந்தத் துணியை நெருப்பில் போடுகிறாள். அண்ணன் முகம் வந்து வந்து போகிறது. ரைட் அழுகிறார், படம் முழுக்க அடக்கிவைத்த அழுகை. கூக்ளர் அவசரப்படாமல் அவரை அழ விடுகிறார். கப்பல் சண்டையை நான் மன்னித்தது இங்கேதான்.

அதற்குப் பிறகு டி'சாலாவின் சின்னப் பையன் வருவான். அந்த இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார் அம்மா. போட்டேன்.