பூட்டுப் போட்ட பாட்டு

2005-இல் முகுந்தராயர் சத்திரம் கரையில் பெரியப்பா ஆட்கள் கரைவலை இழுத்ததை ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்தேன். இரண்டு கயிற்றிலும் ஆட்கள் நிற்பார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ போட்டுக்கொண்டே பின்னால் நடப்பார்கள். மடி, அதாவது வலையின் பை, கரையை நெருங்க நெருங்கப் பாட்டு வேகம் பிடிக்கும். கடைசியில் சொல்லே இருக்காது, மூச்சு மட்டும்தான். அடியெடுத்துக் கொடுத்தவர் பெரியப்பா.

அந்தப் பதிவு இன்றும் என்னிடம் இருக்கிறது. ஆனால் கேட்க முடியாது. நான் வாங்கிய ரெக்கார்டர் அந்தக் கம்பெனியின் சொந்த ஃபார்மட்டில்தான் சேமிக்கும். அதைத் திறக்க அவர்கள் கொடுத்த மென்பொருள் வேண்டும், அதுவும் பதிவேற்றிய அதே கம்ப்யூட்டரில். அந்தக் கம்ப்யூட்டர் உப்புக்காற்றில் போய்விட்டது. மென்பொருளைக் கம்பெனியே கைவிட்டுவிட்டது. ஃபைல் பெயர் தெரிகிறது, அளவு தெரிகிறது, தட்டினால் திறக்கவில்லை. பெரியப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது.

அதனால்தான் எம்க்யூஏ (MQA) என்கிற ஒலி ஃபார்மட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. எல்லோரும் எது நன்றாக ஒலிக்கிறது என்றே சண்டை போடுகிறார்கள். என் கேள்வி வேறு: சாவி யார் கையில்?

எம்க்யூஏ 2014-இல் வந்தது. மெரிடியன் ஆடியோ கம்பெனியின் பாப் ஸ்டூவர்ட் கொண்டுவந்தது. ஒலியின் உயர் அதிர்வெண் பகுதியை மடித்து, ஒலியை எழுதும் 24 பிட் எண்ணின் கடைசிப் பிட்டுகளுக்குள் ஒளித்து வைப்பார்கள். ஃபைல் சின்னதாகும். அன்றைக்கு அந்த யோசனையில் நியாயம் இருந்தது என்றே சொல்வேன். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ என்றால் சுருக்காமல் நொடிக்கு 4,608 கிலோபிட். அப்போது எங்கள் பக்கம் ஒரு பாட்டு இறங்குவதற்குள் டீ ஆறிவிடும். ஆனால் 2016-இல் ஜியோ வந்த பிறகு மண்டபம் ஊரில் படகில் உட்கார்ந்தே வீடியோ பார்க்கிறார்கள். அந்தக் காரணம் அன்றோடு போயிற்று, பூட்டு மட்டும் போகவில்லை. மடித்ததை விரிக்க உரிமம் பெற்ற ஆப் வேண்டும், அல்லது உரிமம் பெற்ற டிஏசி (டிஜிட்டல் ஃபைலை ஒலியாக மாற்றும் கருவி) வேண்டும். அவற்றைச் செய்கிற கம்பெனி ஒவ்வொன்றும் கட்டணம் கட்ட வேண்டும், அது கடைசியில் நம் தலையில்தான் விடியும்.

சரி, தரமாவது முழுசா? அதுவும் இல்லை. மடிக்கும்போதே கொஞ்சம் இழப்பு உண்டு. 2021-இல் ஒருவர் தன் சோதனை ஒலிகளையே, எம்க்யூஏவில் பாட்டு கொடுத்துவந்த டைடல் என்ற இணையப் பாட்டுச் சேவையில் ஏற்றிப் பார்த்தார். ஏற்றியது அப்படியே திரும்பி வரவில்லை.

2023 ஏப்ரலில் எம்க்யூஏ நிறுவனம் திவாலுக்கு முந்தைய நிர்வாகத்தின் கீழ் போனது. செப்டம்பரில் கனடாவின் லென்புரூக் அதன் சொத்துகளை வாங்கியது. 2024 ஜூலையில் டைடல் எம்க்யூஏவை விட்டு ஃபிளாக் (FLAC) என்கிற திறந்த ஃபார்மட்டுக்கு மாறிவிட்டது. எம்க்யூஏ ஓடும்போது டிஏசியில் ஒரு விளக்கு எரியும்; அது எரிவதற்காகவே கூடுதல் காசு கொடுத்து டிஏசி வாங்கியவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஃபிளாக் 2001-லிருந்து இருக்கிறது. ஜோஷ் கோல்சன் எழுதியது. உரிமக் கட்டணம் கிடையாது, ஒரு பிட் கூட இழக்காது. 2024 டிசம்பரில் அதை இணையத்துக்கான பொது விதிமுறையாகவே (ஸ்டாண்டர்ட்) வெளியிட்டார்கள். எழுதியவர் ஒதுங்கிப் போனாலும், விதிமுறையைப் படித்து யார் வேண்டுமானாலும் இன்னொரு பிளேயர் எழுதிக்கொள்ளலாம். ஆப்பிளும் தன் இழப்பில்லா ஃபார்மட்டை 2011-இல் திறந்துவிட்டது.

கேட்பதற்கு என்றால் சிடி அளவே போதும் என்பது என் கருத்து. நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் (சாம்பிள்), 16 பிட். மாதிரி எண்ணிக்கையில் பாதி ஹெர்ட்ஸ் வரை, அதாவது சுமார் 22,000 வரை, அதில் பதிவாகும். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. அதுவும் நாற்பது தாண்டி, டீசல் எஞ்சின் பக்கத்தில் வளர்ந்த எங்கள் காது! பதிவு செய்ய மட்டும் 24 பிட் வையுங்கள். கச்சான் காற்று திடீரென்று மைக்கில் அறையும், மடி வந்ததும் ஆட்கள் கத்துவார்கள். லெவலைக் குறைத்து வைத்தாலும் மெல்லிய குரல் இரைச்சலில் மூழ்காது.

போன மாதம் அதே கரைக்கு மறுபடி போனேன். சித்தப்பா அடியெடுத்துக் கொடுத்தார். இரண்டு அடி மறந்துவிட்டது என்றார், மற்றவை இருக்கின்றன. எல்லாம் ஃபிளாக்கில், மூன்று வீடுகளில் மூன்று பிரதி.

தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி பக்கம் யார் வீட்டிலாவது பழைய கேசட்டில் இந்த மாதிரி பாட்டு இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஓடுகிற டெக் என்னிடம் இருக்கிறது. நானே வந்து பதிவு செய்து, கேசட்டையும் அன்றே திருப்பித் தந்துவிடுகிறேன்.