எஞ்சின் ட்யூனிங் செய்தால் கியர்பாக்ஸ் சூடாகாதா?

"எஞ்சினை ட்யூனிங் செய்துவிட்டால் பிக்கப் வண்டியின் கியர்பாக்ஸ் சூடே ஆகாது" என்று வேலூர்ப் பக்கத்து வண்டிக்காரர்களிடையே ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

கியர்பாக்ஸ் வழியே செல்லும் திறனில் ஒரு பங்கு, பற்சக்கர உராய்விலும் எண்ணெயைக் கடைவதிலும் வெப்பமாகிறது. அதே சுமையோடு, அதே வேகத்தில் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறத் தேவைப்படும் திறன், ட்யூனிங்குக்கு முன்பும் பின்பும் ஒன்றுதான். ட்யூனிங்கால் கூடுதல் இழுவை கிடைத்த தெம்பில் வேகமாக ஏறினால் (யார்தான் மெதுவாக ஏறப்போகிறார்கள்?) சூடு கூடும். மேனுவல் வண்டியில் முதல் அடி கிளட்சுக்கு: கூடுதல் முறுக்குவிசையைத் தாங்காவிட்டால் நழுவும், தட்டு கருகும்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் மெதுவான ஏற்றத்தின்போது டார்க் கன்வர்ட்டரில் (எஞ்சினின் விசையை எண்ணெய் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) ஏற்படும் நழுவல்தான் பெரும் சூட்டைக் கிளப்புகிறது. எண்ணெய் வழக்கமாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் இருக்கும்; 120-ஐத் தாண்டினால் விரைவில் கெடும். வேலூரின் 40 டிகிரி வெயிலில் எண்ணெயைக் குளிர்விப்பதும் கடினம்.

செய்தியில் ஒரு துளி உண்மை உண்டு: கன்வர்ட்டர் நழுவாமல் முன்னதாகவே பூட்டிக்கொள்ளும்படி மாற்றினால் சூடு குறையும். ஆனால் அது கியர்பாக்ஸின் மென்பொருளில் செய்யும் வேலை. எஞ்சின் ட்யூனிங் அல்ல.